ஒரு சாண்

அந்தக் கொடியைத் தூக்கியவன் நான்தான்.
எண்பத்தொன்பது பிப்ரவரி, கோப்பைக்கான மறு ஆட்டம்.
வடகடலின் பனிமூட்டம்
டிக்கெட் வாங்காமல் மைதானத்துக்குள் நின்றிருந்தது.
ஸ்கெர்ரி அணியின் ஒன்பதாம் எண், லாக்லன் விஷார்ட்,
பந்தை வலைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினான்.
ஆரஞ்சு நிறத்தில் என் கை.

எவ்வளவு, என்றார் நடுவர்.
ஒரு சாண், என்றேன்.
நான் பார்த்தது பனியில் ஒரு முழங்கால்.
யாருடையது என்று
இன்றைக்குக் கேட்டாலும் சத்தியம் செய்ய மாட்டேன்.

வார நாளில் நான்
பக்கத்துத் துறைமுகத்து மீன் ஏலத்தில் கணக்கெழுதுபவன்.
மறுநாள் காலை
பெட்டி பெட்டியாய் வந்த ஹாடக் மீன்கள்
இமை இல்லாத கண்ணால்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அவன் ஆட்டத்துக்கு நான் போகும்போதெல்லாம்
விசில் ஊதுமுன் கோட்டருகே வருவான்.
ஒரு சொல் பேச மாட்டான்.
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து
என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுப் போவான்.
சாண்.

பதினான்கு பருவம், நூற்று எழுபத்தொரு கோல்.
பந்து போய்ச் சேரும் இடத்தில்
முன்னமே குடிவந்து
விளக்கேற்றி வைத்திருப்பவன்.
தன் பாதிக்கு அவன் திரும்பியதெல்லாம்
இடைவேளையில் டீ குடிக்கத்தான்.
பின்னால் வா என்று கத்திக் கத்தி
மூன்று மேனேஜர்களுக்குத் தொண்டை போயிற்று.
இடது முட்டி இரண்டு முறை கிழிந்தது.
மூன்றாம் முறை அவனே
காலணியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

பிறகு மேனேஜர் ஆனான்.

முழங்கால் வரை கறுப்புக் கோட்டு,
சுண்ணாம்பால் வரைந்த ஒரு பெட்டி,
அதற்குள் நான்கு எட்டு இந்தப் பக்கம், நான்கு எட்டு அந்தப் பக்கம்.
இத்தனை காலம் எனக்கு அவன் முதுகைத்தான் தெரியும்.
இப்போது என் பிடரியில் அவன் மூச்சு.
முதல் சனிக்கிழமை, பத்தாம் நிமிடம்,
"பின்னால் வா! பின்னால் வாடா!"
தகரக் கூரைமேல் கடற்காகங்கள் சிரித்தன.
நானும்தான்.

தன்னைப் போலவே பின்னால் ஓடாத
ராரி என்ற பையனை ஒருநாள் பெஞ்சில் உட்காரவைத்தான்.
தொண்ணூறு நிமிடமும்
அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பவில்லை.

எதிரணி ஆள் எங்கள் முன்னால் பாயும்போது
"கொடி! கொடியைத் தூக்கய்யா!"
யார் கேட்கிறார் பாருங்கள்.

கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும்,
கீழ்ப்பிரிவுக்கு விழ மாட்டார்கள்.
எண்பத்தெட்டாம் நிமிடம்
எவனோ பெயர் தெரியாத ஒருவன் புகுந்தான்.
பனி இல்லை. மழை இல்லை.
கண்ணாடி போல வெளிச்சம்.
தோளும் தோளும் ஒரே கோட்டில்.
கொடி என் தொடையோரம் தொங்கியது.
வலை குலுங்கியது.

திரும்பிப் பார்த்தேன்.
காலணி நுனி வெள்ளைக் கோட்டைத் தொட்டிருந்தது,
தாண்டவில்லை.
அன்று அவன் விரல்கள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன.

சாண் ஏறினால் முழம் சறுக்கும்.
செவ்வாய்க்கிழமை, ஐஸ் தொழிற்சாலை முதலாளியின் அறை,
இரண்டு கோப்பை டீ.
ஒன்று ஆறிப்போய் அப்படியே இருந்ததாம்.

இப்போது இருவருக்கும் வேலை இல்லை.
வடக்குக் கோலுக்குப் பின்னால்
ஆட்டிறைச்சிப் பையோடு நிற்கிறோம்.
பக்கத்தில் பக்கத்தில் அல்ல.
நடுவே இரண்டு பேர் நிற்கலாம்.

போன சனிக்கிழமை
வலப்புறமிருந்து ஒரு பந்து வளைந்து வந்தது.
அவனுடைய கெட்டுப்போன முட்டி
தானே முன்னால் துள்ளியது.
என் வலக்கை, வெறுங்கை,
தானே மேலே போனது.
டீ முழுக்கச் சட்டையில்.

பார்த்தான்.
பையைக் கைமாற்றிக்கொண்டு
விரல்களை விரித்தான்,
குளிரோ வாதமோ,
பாதிக்கு மேல் விரியவில்லை.

"இவ்வளவுதான்," என்றான்.